மலைச்சாலையில் மணி அடிக்கலாமா? எல்லைப் பக்கத்து மிதிவண்டி அனுபவங்கள்

பூப்பாறையிலிருந்து:

முன்பு எழுதிய நண்பர் மகாபலேஸ்வரம் பக்கத்து மலைகளில் மிதிவண்டியில் சுற்றியதைச் சொல்லி, நம் தமிழ்நாடு–கேரள எல்லை மலைகளும் அதுபோல எரிமலையால் உண்டானவைதாமா என்று கேட்டிருந்தார். அல்ல. அங்கே இருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அது படிக்கட்டுபோல் அரிபட்டிருப்பதால் ஒரு செங்குத்து, பிறகு சற்றுச் சமதளம் என்று கால்களுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். நம்முடையது அதைவிடப் பன்மடங்கு பழைய கிரானைட்டும், நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறையும். மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் சாலை ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுமார் 350 மீட்டர் உயரத்திலிருக்கும் போடியை விட்டு 1,300 மீட்டருக்கு மேல் வந்து சேர்வதற்குள், மூச்சு வாங்குவதற்கு இடத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமைதியான சாலை எது என்று கேட்பவர்களுக்கு, எந்தச் சாலை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் என் பதில். விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை இந்த மலைப்பாதை ஏலக்காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளுக்குச் சொந்தம். பிற்பகலில் அதே ஜீப்புகள் இறங்கத் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில், சுற்றுலா வண்டிகள் இல்லாத வார நாளாகவும் இருந்துவிட்டால், புலியூத்துக்கு மேலே நம் டயர் சாலையில் உரசும் சத்தத்தை நாமே கேட்கலாம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நானும், ஆனையிறங்கலில் நடந்தது நடக்கும் வரை.

பூப்பாறையிலிருந்து மூணாற்றுக்குப் போகும் வழியில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் வருகிறது. ஊர்ப் பெயரே எச்சரிக்கை என்றாலும் பெயர்ப் பலகையை நாம் எல்லோரும் பெயராக மட்டுமே படிக்கிறோம். கார்த்திகை மாதத்து மூடுபனியில், இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகளின் மேல்மட்டம்கூடத் தெரியாத ஒரு காலையில், இறக்கத்தில் காலை அசைக்காமல் வந்துகொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் சாலையின் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. பாறை சரிந்து கிடக்கிறது என்றே முதலில் நினைத்தேன். பாறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாறை வாலை ஆட்டியபோதுதான் உறைத்தது. என் வண்டியில் இருப்பது பழைய ரிம் பிரேக். பனியில் நனைந்த ரிம்மில் பிரேக் ரப்பர் பிடிக்காமல் வழுக்கி, நான் நினைத்த இடத்துக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளித்தான் வண்டி நின்றது. தாய் யானையின் காது ஒருமுறை அகன்று விரிந்து அப்படியே நின்றதை, அந்தக் காதோரத்தில் கிழிந்திருந்த ஒரு சிறு துண்டை, இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும்.

மேட்டிலிருந்து தோட்டக் காவலர் ஒருவர், கத்தாமல், ஆனால் அழுத்தமாகச் சொன்னார்: “அண்ணே, வண்டியத் திருப்பாதீங்க, அங்கனயே போட்டுட்டு மேல ஏறி வாங்க.” போட்டுவிட்டு ஏறினேன். கன்றும் தாயும் நீர்ப்பக்கம் இறங்கும் வரை முக்கால் மணி நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் நான் இங்கே எழுதக் காரணம்: “ஜீப்பு வந்தா அதுக்கு ரெண்டு வளைவுக்கு முந்தியே தெரிஞ்சுபோகும். நீங்க வந்தது எனக்கே தெரியலையே.”

அடுத்த வாரமே போடிச் சந்தையில் மாட்டுக் கழுத்தில் கட்டும் வெண்கல மணி ஒன்றை வாங்கி ஹேண்டில் பாரில் தொங்கவிட்டேன். இரண்டு ஆண்டுகளாகப் பனி வளைவுகளில் அது குலுங்கிக்கொண்டே வருகிறது. மற்றவர்களும் இப்படிச் செய்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

மறையூரிலிருந்து:

மணி பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன், ஏனெனில் அதே யோசனையோடு நானும் சின்னாறு வனவிலங்கு சரணாலயம் வழியாக உடுமலைக்குப் போயிருக்கிறேன். மூணாற்றிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சாலை ஒரு விந்தை. தேயிலையும் சாரலுமாகப் புறப்பட்டு, எங்கள் சந்தனக் காட்டையும் கரும்புத் தோட்டங்களையும் கடந்து இறங்கினால், மலை மழையை மறைத்துக்கொண்ட பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள்; சின்னாற்றில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. முள்மரமும் கள்ளியுமாக இருக்கும் அந்த வெயில் காட்டில் யானையைத் தூரத்திலிருந்தே பார்க்க முடியும் என்பது ஓர் ஆறுதல். பகலில் மட்டுமே போக வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது. தனியாக மிதிவண்டியில் வருபவரைச் சோதனைச் சாவடியில் சில நாள் விடுவார்கள், சில நாள் விடமாட்டார்கள்; விடாத நாளில் வாதாடாமல் பேருந்தின் கூரையில் வண்டியை ஏற்றிவிடுவதே நல்லது.

என் மணியைப் பார்த்த வனக் காவலர், “மாட்டு மணியா சாரே? இதைக் கேட்டா புலி திரும்பிப் போகாது, திரும்பிப் பார்க்கும்,” என்றார். கேலிதான், ஆனாலும் கழற்றிப் பையில் போட்டேன்.

கரிமுட்டிக்குக் கீழே ஒரு இறக்கத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. நம் வண்டி சத்தமில்லாதது என்கிறோம், பெடலை நிறுத்தி இறங்கும்போது பின் சக்கரத்து ஃப்ரீவீல் ‘கிடுகிடு’வென்று அடிப்பதை மறந்துவிடுகிறோம். சாலையோரத்துப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடு ஒன்று ஜீப்பு கடந்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. என் ஃப்ரீவீல் சத்தத்துக்குச் சடாரென்று நிமிர்ந்து, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களை ஊன்றி, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. பாம்பின் சீறலோ காய்ந்த மூங்கிலின் முறிவோ என்று எண்ணியிருக்கும். நான் பெடலை மெதுவாக மிதிக்கத் தொடங்கியதும் அந்த ஒலி நின்றது, அதுவும் மறுபடி குனிந்தது. ஆகவே சத்தம் போடுவதா, கூடாதா என்பதைவிட, அந்த விலங்குக்குப் பழகிய சத்தமா என்பதே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

குப்பத்திலிருந்து:

கேரளப் பக்கத்து நண்பர்களுக்கு எங்கள் ஆந்திர எல்லையும் மலைநாடுதான் என்பதைப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பேரணாம்பட்டிலிருந்து பத்தலபல்லி மலைப்பாதை ஏறி வி.கோட்டாவுக்கு வரும் சாலை உயரத்தில் போடிமெட்டுக்கு ஈடாகாது. ஆனால் உருண்டைப் பாறைகளும் புதர்க்காடும் மாங்காய்த் தோப்புகளுமாக, தக்காளி லாரிகள் ஓடாத நேரத்தில் மனதுக்கு மிக இதமான வழி. அருகிலிருக்கும் கௌண்டின்யா சரணாலயம் 1990-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து யானைகள் இங்கே வந்து தங்கத் தொடங்கியிருந்தன.

இங்கே மணியை நான் பரிந்துரைக்கமாட்டேன். எங்கள் யானைகளுக்குச் சத்தம் என்றால் விரட்டு என்று பொருள். நெல்லும் கரும்பும் விளையும் மாதங்களில் இரவு முழுவதும் தகரம் தட்டுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள்; அப்படித் துரத்தப்பட்ட யானை விடியற்காலையில் காட்டுக்குத் திரும்பும் அதே நேரத்தில்தான் நாம் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று மிதிவண்டியை எடுக்கிறோம். ஒருமுறை மலைப்பாதையின் அடியில் டீக்கடை அம்மா என் கையில் டம்ளரைக் கொடுத்துக்கொண்டே, “நேத்து ராத்திரி வெடி சத்தம் ஜாஸ்தி, வெயில் ஏறட்டும் தம்பி,” என்றார். ஒன்பது மணி வரை உட்காரவைத்து, இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை. மேலே போனபோது மூன்றாவது திருப்பத்தில் சாணம் ஆவி அடங்காமல் கிடந்தது. அதன் பிறகு நான் எந்த ஊர் வழியாகப் போனாலும் முதல் நாள் இரவு வெடிச்சத்தம் கேட்டதா என்று விசாரித்த பிறகே புறப்படுகிறேன். வால்பாறைப் பக்கம் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே எங்களுக்கு டீக்கடைதான்.

மறுபடியும் பூப்பாறையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. குப்பத்து நண்பர் சொன்னதைத் தோட்டக் காவலரிடம் கேட்டேன். நம் பக்கத்திலும் ஏலக்காட்டுக் குடிசைகளில் பட்டாசு உண்டே என்று அவரும் சற்று யோசித்தார். 2023-இல் சின்னக்கானலிலிருந்து அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டுபோன பிறகும் அந்த வழக்கம் குறையவில்லை. கடைசியில், பழைய துணியைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். கீழே முந்தலிலிருந்து மேலே வரை அது ஊமையாகத் தொங்குகிறது. ஆனையிறங்கல் இறக்கத்துக்கு முன்பு, பனி இருந்தால் மட்டும், நிறுத்தி இறங்கித் துணியை அவிழ்க்கிறேன். முந்தைய இரவு வெடி கேட்டிருந்தால் அவிழ்ப்பதும் இல்லை, ஜீப்பு ஒன்று வரும் வரை காத்திருந்து அதன் பின்னாலேயே இறங்குகிறேன். பிரேக்கையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன்.