தேர்தல் முறைகேட்டுக்கு எதிரான தெருப் போராட்டம் சில நாடுகளில் மட்டும் பலித்தது ஏன்?

கேள்வி | நெடுவழி

2020 ஆகஸ்டில் பெலாரஸிலும் 2024 ஜூலையில் வெனிசுவேலாவிலும், தேர்தல் முடிவு திரிக்கப்பட்டதாகக் கூறிப் பெருந்திரளான மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் போராட்டங்களால் ஆட்சி மாறவில்லை. ஆனால் 2000இல் செர்பியாவிலும் 2019-20இல் மலாவியிலும் அதே குற்றச்சாட்டு முடிவையே புரட்டிப் போட்டது. கூட்டத்தின் அளவைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. பெலாரஸின் தலைநகர் மின்ஸ்கில் ஞாயிறுதோறும் திரண்ட கூட்டத்தோடு ஒப்பிட்டால் மலாவியின் ஊர்வலங்கள் சிறியவை. அப்படியானால் எதை வைத்து அளப்பது?

மறுமொழி | கல்தச்சன்

ஆதாரத்தை வைத்துத்தான். வெனிசுவேலாவில் வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரமும் தன் முடிவைத் தாளில் அச்சிட்டுத் தரும். அதன் படியைப் பெறக் கட்சி முகவருக்கு உரிமை உண்டு. எதிரணி முகவர்கள் அந்தத் தாள்களைத் திரட்டி, ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவற்றை எவரும் சரிபார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆட்சியிலிருந்த அதிபர் மதுரோவுக்கு 51 விழுக்காடு என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. தாள்களைக் கூட்டினால் எதிரணி வேட்பாளர் எட்மண்டோ கொன்சாலஸுக்கு ஏறத்தாழ 67 விழுக்காடு வந்தது. மறுக்க வேண்டுமானால் ஆணையம் சாவடிவாரி முடிவுகளை வெளியிட்டிருந்தாலே போதும். அதை மட்டும் அது செய்யவில்லை. பெலாரஸில் இந்த அளவுக்குக் கூட வழி இல்லை. உள்ளே அனுமதிக்கப்படாத பார்வையாளர்கள் சாவடிக்கு வெளியே முக்காலியில் ஏறி நின்று, ஜன்னல் வழியே தொலைநோக்கியால் எண்ணிக்கையைக் கவனிக்க முயன்றார்கள்.

மறுமொழி | புறவாசல்

நண்பரே, நீங்கள் காட்டிய சான்றே உங்கள் வாதத்தைக் கவிழ்க்கிறது. அவ்வளவு துல்லியமான தாள்கள் கையில் இருந்தும் என்ன நடந்தது? இரண்டாயிரம் பேருக்கு மேல் கைதானார்கள், ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் மதுரோவின் வெற்றியை உறுதி செய்தது, செப்டம்பரில் கொன்சாலஸ் ஸ்பெயினில் தஞ்சம் புகுந்தார். சீருடைக்காரர்கள் யார் சொல்லைக் கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு. 2000 அக்டோபர் 5 அன்று செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தபோது படைகள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றதற்கு, எதிரணித் தலைவர் சோரான் ஜிண்ட்ஜிச் முந்தைய இரவே சிறப்புப் படையின் தளபதியைச் சந்தித்துப் பேசியிருந்தது முக்கியக் காரணம். கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தமும் அதிபர் மிலோசெவிச்சின் கையைக் கட்டியிருந்தது. மின்ஸ்கிலோ சில காவலர்கள் சீருடையைக் குப்பைத்தொட்டியில் வீசிக் காணொளி வெளியிட்டதோடு சரி. கலகத் தடுப்புப் படை கலையவே இல்லை.

மறுமொழி | வைகறை

நீங்கள் இருவரும் மலாவியைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள், கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 2019 மே தேர்தலில் அதிபர் பீட்டர் முத்தாரிக்கா 38.57 விழுக்காடும், எதிரணி வேட்பாளர் லசாரஸ் சக்வேரா 35.41 விழுக்காடும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்த முடிவுத்தாள்கள் பலவற்றில் எண்களின் மேல் வைட்னர் பூசித் திருத்தியிருந்தார்கள். ஆணையத் தலைவி ஜேன் அன்சா பதவி விலக வேண்டும் என்று மாதக்கணக்கில் ஊர்வலங்கள் நடந்தன. காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. அக்டோபரில் ஒரு காவலர் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு, காவலர்கள் ஊருக்குள் புகுந்து பெண்களை வன்கொடுமை செய்தார்கள் என்ற புகாரை நாட்டின் மனித உரிமை ஆணையமே விசாரித்து உறுதி செய்தது. இராணுவம் மட்டும் அந்தப் பக்கம் சாயாமல், ஊர்வலங்களுக்குக் காவலாக உடன் நடந்தது. தேர்தலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2020 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு வழங்க ஐந்து நீதிபதிகள் வந்ததும் இராணுவ வண்டியில்தான். ஐவரும் ஒருமனதாகத் தேர்தலை இரத்து செய்தார்கள். ஜூனில் நடந்த மறுதேர்தலில் சக்வேரா ஏறத்தாழ 59 விழுக்காடு பெற்று வென்றார்.

ஆகவே தாள் வேண்டும், அதை வாங்கிப் படிக்கத் துணியும் நீதிமன்றம் வேண்டும், அந்த நீதிமன்றத்தைப் பாதுகாக்கும் படையும் வேண்டும். வெனிசுவேலாவில் முதலாவது மட்டுமே இருந்தது.

நெடுவழி

விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் மலாவியில் தெருவுக்கு என்ன வேலை? வழக்கு மட்டுமே போதுமாக இருந்திருக்காதா?

மறுமொழி | வைகறை

போதாது என்றுதான் நான் கருதுகிறேன். அன்சா பதவி விலகியது 2020 மே மாதத்தில், அதாவது தீர்ப்பு வந்து மூன்று மாதங்களுக்கும் மேலான பிறகு. அதுவரை அவரை விட்டுவிடாமல் நெருக்கியது ஊர்வலங்கள்தாம். மறுதேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு தலைமை நீதிபதியைக் கட்டாய விடுப்பில் அனுப்ப அரசு முயன்றபோது, வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், தடையாணையும் வந்தது, அவர் பதவியில் நீடித்தார்.