உதவி: பூக்கும் முன் ஆலிவ் இலையில் தழைச்சத்து, சாம்பல்சத்து, போரான் எல்லாமே குறைவு. உரம் கூட்டலாமா?

கேள்வி
வணக்கம். இடம் ஸ்பெயினின் ஹயேன் பகுதி. பிக்குவால் ரகம், மானாவாரி, சுண்ணாம்பு மண், கார அமில நிலை 8.2. போன வருடம் நல்ல காய்ப்பு. மார்ச் கடைசியில் எடுத்த இலைப் பரிசோதனை முடிவு: தழைச்சத்து (நைட்ரஜன்) 1.35%, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.09%, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 0.55%, கால்சியம் 2.4%, போரான் 16 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 16 பங்கு), செம்பு 140 பி.பி.எம். இலைச்சத்து அளவு அட்டவணையோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேற்பட்ட சத்துகள் குறைவு. உள்பக்க இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. பூங்கொத்து இப்போதுதான் தலைகாட்டுகிறது. ஏப்ரலில் யூரியா கூட்டிப் போடலாமா?

பதில் 1
யூரியாவை நிறுத்தி வையுங்கள். நீங்கள் ஒப்பிட்ட அட்டவணை ஜூலை இலைக்கானது. தழைச்சத்து 1.5 முதல் 2%, சாம்பல்சத்து 0.8%க்கு மேல், போரான் 19 பி.பி.எம்.முக்கு மேல் என்பதெல்லாம் அந்த வருடத் துளிரில் முற்றிய இலைக்குச் சொன்ன அளவுகள். மார்ச்சில் கைக்குக் கிடைப்பது போன வருட இலை. புதுத் துளிரும் பூங்கொத்தும் கிளம்பும்போது மரம் பழைய இலையிலிருந்துதான் தழை, மணி, சாம்பல் சத்துகளை எடுத்து அங்கே அனுப்புகிறது. பல பயிர்களில் இலையை விட்டு நகராத போரான்கூட ஆலிவில் மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலோடு சேர்ந்து பூவுக்குப் போய்விடும்.

கால்சியம் அப்படி நகராது, இலை முதிர முதிரச் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் முடிவில் கால்சியம் 2.4% இருக்க மற்றவை தாழ்ந்திருப்பது இலை வயதானது என்பதைக் காட்டுகிறது. செம்பு 140 என்பது மயில்கண் என்ற இலைப்புள்ளிப் பூஞ்சை நோய்க்குத் தெளித்த செம்பு மருந்தின் படிவு, அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு மூன்று வயதான உள்பக்க இலைகள் வசந்தத்தில் மஞ்சளாகி விழுவது இயல்பு.

தேவையில்லாத தழைச்சத்து வீண்செலவு மட்டுமல்ல. அது மிஞ்சினால் பூவிலுள்ள சூல் (காயாக வளரும் பகுதிக்குள் இருக்கும் விதை முளை) உயிரோடு இருக்கும் நாள் குறைகிறது, காய்ப்பிடிப்பு அடிவாங்கும்.

கேட்டவர்
நன்றிங்க. அப்படியென்றால் எதுவுமே தெளிக்க வேண்டாமா? சில கிளைகளில் இலை நுனி கருகியும் இருக்கிறது.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் சாம்பல்சத்தையும் போரானையும் "பழைய இலை" என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட மாட்டேன். காய் அதிகமாக எடுத்துப்போவது சாம்பல்சத்தைத்தான். நிறையக் காய்த்த அடுத்த வருடம், அதுவும் ஈரம் குறைந்த மானாவாரியில், பற்றாக்குறை உண்மையாகவே வரும்.

முதலில் நுனிக் கருகலைப் பாருங்கள். முதிர்ந்த இலைகளில் மட்டும் கருகியிருந்தால் சாம்பல்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். கிளை நுனிப்பக்க இலைகளில் நுனி காய்ந்து, அடிப்பாகம் பச்சையாக, நடுவில் மஞ்சள் பட்டை ஓடினால் போரான். அந்தக் கிளைகளின் நுனி பட்டுப்போகிறதா என்றும் பாருங்கள்.

போரானுக்கு: பூங்கொத்து நன்றாகத் தெரிந்து, மொட்டு விரியும் முன் ஒரே தடவை தெளிப்பு. 20.5% போரான் உள்ள, நீரில் கரையும் தூள் 100 லிட்டருக்கு 500 கிராம். கரைசலில் சுமார் 0.1% போரான் வரும். இதற்குமேல் ஏற்றினால் இலை கருகும். உங்கள் மண்ணில் கீழே போட்ட போரான் வேருக்குச் சரியாகக் கிடைக்காது, அதனால்தான் இலைவழி.

சாம்பல்சத்துக்கு: பொட்டாசியம் நைட்ரேட் 100 லிட்டருக்கு 2.5 கிலோ. புது இலை விரிந்த பிறகு ஆரம்பியுங்கள், இளம் இலைதான் நன்றாக உறிஞ்சும். இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை. பூ விரிந்திருக்கும் நாட்களை விட்டுவிடுங்கள். வாடிய மரமும் ஏற்கெனவே பற்றாக்குறை உள்ள மரமும் குறைவாகவே எடுக்கும், ஒரே தெளிப்பில் எண் ஏறாது. காலையிலோ மாலையிலோ தெளியுங்கள், வெயிலில் உப்பு படிந்து இலை கருகும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பதானால் முதலில் சிறு பாட்டிலில் கலந்து, அடியில் படிகிறதா பாருங்கள்.

கேட்டவர்
நுனிப்பக்க இலைகளில் மஞ்சள் பட்டை இருக்கிறது. ஜூலையில் இலை மாதிரி எப்படி எடுப்பது?

பதில் 2
அப்படியானால் போரான் தெளிப்பைத் தவறவிடாதீர்கள். ஜூலையில் காயில்லாத இந்த வருடத் துளிரின் நடுப்பகுதியிலிருந்து, காம்போடு, மரத்தின் எல்லாப் பக்கமும் சுற்றி 100 இலை. வெளிறிய மரங்களைத் தனி மாதிரியாக எடுங்கள். காகிதப் பையில் போட்டு, வெயில் படாமல் சீக்கிரம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு மட்டும் இலைப் பரிசோதனையில் பிடிபடாது. சுண்ணாம்பு மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால், எண் எதுவானாலும் அது இரும்புப் பற்றாக்குறைதான்.