மூச்சடங்கிய ஆமை, மிரண்ட மான்: முதல் ஒரு மணித்தியாலம்

திருகோணமலை நிலாவெளியிலிருந்து:

அறுந்துபோன தங்கூசி (நைலோன் இழை) வலையில் சிக்கிய ஆமை அசைவில்லாமல் மிதந்து வந்தால், செத்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். புறாமலைத் தீவுப் பக்கம் கடலுக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிறது. வலைக்குள் திமிறத் திமிற ஒட்சிசன் தீர்ந்து மயங்கிவிடும். அந்த மயக்கம் பார்வைக்குச் சாவேதான். அந்த நிலையில் இரக்கப்பட்டு மறுபடி கடலில் தள்ளினால், அப்போதுதான் அது மூழ்கிச் சாகிறது.

படகில் ஏற்றும்போது ஆமையின் துடுப்பை (அது நீந்துகிற காலை) பிடித்துத் தூக்க வேண்டாம், மூட்டு கழன்றுவிடும். ஓட்டின் முன், பின் விளிம்புகளைப் பிடியுங்கள். வயிறு கீழே இருக்கட்டும். மடித்த சாக்கு எதையாவது வைத்துப் பின்பக்கத்தை 6 அங்குலமாவது உயர்த்துங்கள், பெரிய ஆமைக்கு இன்னும் கூட. நுரையீரலில் ஏறிய நீர் அப்படித்தான் வடியும். இடையிடையே ஓட்டின் ஒரு ஓரத்தை 3 அங்குலம் தூக்கி இறக்கி, பிறகு மறு ஓரத்தையும் அப்படியே செய்யுங்கள். இமையை மெல்லத் தொட்டும் வாலைக் கிள்ளியும் பாருங்கள். சின்னத் துடிப்பு தெரிந்தாலும் உயிர் இருக்கிறது. துடிப்பே இல்லாவிட்டாலும் 4 மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும், முடிந்தால் 24 வரை.

மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்குவது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். நுரையீரல் முதுகோட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்தால் குடலின் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கும். நிழலில் வைத்து, கடல்நீரில் நனைத்த துவாயால் ஓட்டையும் துடுப்புகளையும் மூடுங்கள். மூக்குத் துவாரம் திறந்திருக்கட்டும். தலையைத் தூக்க முடியாத ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் அதைக் கடலில் விடுவதும் ஒன்றுதான். நன்றாகத் தேறிய பிறகு, வலை கிடக்காத இடமாகப் பார்த்து, எஞ்சினை நியூற்றலில் போட்டு, படகின் பின்பக்கமாக மெல்ல இறக்கிவிடலாம்.

குச்சவெளியிலிருந்து:

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வாயிலிருந்தோ பின்வழியாகவோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. மறுமுனையில் தூண்டில் குடலில் மாட்டியிருக்கும். இழுத்தால் குடல் சுருங்கி மடிந்து, நூல் அதை அறுத்துவிடும். மிருக வைத்தியரிடம் போகிற ஆமையென்றால் 2, 3 அடி நூலை விட்டு வெட்டுங்கள், அவர் அதைப் பிடித்துத்தான் தூண்டில் இருக்கிற இடத்தைத் தேடுவார். துடுப்பைச் சுற்றித் தசைக்குள் புதைந்துபோன நூலையும் கரையில் வைத்துப் பிடுங்க வேண்டாம், தொங்கும் வலைப் பாரத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

ஒரு பக்கம் சரிந்து மிதந்தபடி தாழ முடியாமல் தவிக்கிற ஆமைக்கு, வெளியே காயம் இல்லாவிட்டாலும், உள்ளே நோய் இருக்கிறது. பெரும்பாலும் நுரையீரல் பாதிப்பு, அல்லது பொலித்தீன் அடைத்துக் குடலில் வாயு. அதைக் கடலுக்குள் திருப்பித் தள்ளுவதால் ஒரு பயனும் இல்லை.

கோட்டைப் பக்கமிருந்து:

ஆமையைச் சட்டென்று கடலில் தள்ளிவிடுவது ஆபத்தென்றால், திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டை மான்களுக்கு நேர்மாறான ஆபத்து: ஆட்கள் அளவுக்கு மீறி நெருங்குவது. கழுத்தில் கயிறோ தலையில் டப்பாவோ மாட்டிய மானைக் கண்டதும் பத்துப் பேர் துரத்தத் தொடங்கிவிடுவார்கள். கயிறு மானை உடனே கொல்லாது, துரத்தல் கொன்றுவிடும். மிரண்டு ஓடும்போது உடல் சூடேறித் தசைகள் சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். பிடித்து, கயிற்றை வெட்டி, நன்றாக ஓடிப்போன மான் சில நாள் கழித்துச் செத்துக் கிடப்பது இதனால்தான். மயக்க ஊசி போடத் தெரிந்தவர் வரும்வரை ஆட்களையும் நாய்களையும் விலக்கி வைப்பதே பெரிய உதவி. எழும்ப முடியாமல் கிடக்கிற மானென்றால் துணியால் கண்ணை மூடுங்கள், சத்தம் போடாதீர்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிற்றில் வாயு சேர்ந்து மூச்சை அடைக்கும்.

புதருக்குள் தனியே படுத்திருக்கும் குட்டி அனாதையல்ல. தாய் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும், ஆட்கள் சுற்றி நின்றால் வராது. வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பசும்பால் ஊட்டினால் வயிற்றோட்டத்தில் சாகலாம். பிழைக்கிற ஆண்குட்டியோ ஆள்பயம் இல்லாமல் வளர்ந்து, கொம்பு முளைத்ததும் ஆட்களையே முட்டும்.

கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு வருபவர்கள் சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீனைப் போட்டுவிட்டுப் போவதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. உப்பும் கறி வாசமும் ஒட்டியிருப்பதால் மான் அதை அப்படியே விழுங்குகிறது. இரைப்பையில் அது கரையாது, வெளியேறவும் வழியில்லை. திரண்டு கட்டியாகி இடத்தை அடைக்க, வயிறு உப்பியபடியே மான் பட்டினியில் சாகும்.

உப்புவெளியிலிருந்து:

மணலில் ஆமை முட்டை வெளியே தெரிந்தால் புரட்டாமல் மூடிவிடுங்கள். இட்ட சில மணித்தியாலத்திலேயே கரு முட்டை ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு உருட்டினால் அறுந்துவிடும்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. எடுக்கும்போது இடம், விலங்கின் அளவு, மூச்சு இருக்கிறதா, இரத்தம் வடிகிறதா, ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். தூரத்தில் நின்று எடுத்த ஒரு படமும் கையில் இருந்தால், என்ன கருவியோடு வர வேண்டும் என்று அவர்கள் புறப்படும்போதே முடிவு செய்யலாம்.