ஊர்வலக் குதிரையில பிள்ளையை ஏத்தலாமா? (மூணு பேரும் புனைபெயர்ல பேசறாங்க)

கொழிஞ்சாம்பாறை: பையனுக்கு 9 வயசு, 25 கிலோ. மூளை முடக்குவாதம், ரெண்டு காலும் இறுக்கம். குதிரைச் சவாரி சிகிச்சைக்குச் சித்தூர்ல கல்யாண ஊர்வலக் குதிரை ஒண்ணு வாடகைக்கு வருது. எடுக்கலாமுங்களா?

லாயக்காரன்: தாராளமா எடுங்க. வேட்டுக்கும் செண்டைக்கும் மிரளாத குதிரை வேற எங்க கிடைக்கும்?

இடுப்பெலும்பு: மிரளாதது பாதித் தகுதிதாங்க. இங்க மருந்தே குதிரையோட நடை. நாலு குளம்பும் தனித்தனியா விழற சாதா நடையில அதோட முதுகு பிள்ளை இடுப்பை முன்பின்னா, பக்கவாட்டுல, திருகலா அசைக்கும். நாம நடக்கறப்ப அசையற மாதிரியே. ஊர்வலக் குதிரை தலையைத் தூக்கி ஆடிப் பழகினது. தலை ஏறினா முதுகு குழியும், அடி குட்டையாகும். அந்தக் குலுக்கல் இறுகின தொடையை இன்னும் இறுக்கிடும்.

லாயக்காரன்: ஆட்டம் முள் கடிவாளத்தால வர்றது. 1965 விலங்கு வதைத் தடுப்பு விதியிலயே தடை பண்ணினது, இன்னும் மாட்டறாங்க. கழட்டிட்டுத் தலைக்கயிறு மட்டும் போட்டு தினம் அரைமணி நேரம் கையில பிடிச்சு நடத்துங்க. அப்புறம் ஈரமண்ல தடம் பாருங்க. முன்னங்குளம்பு பதிஞ்ச இடத்துலயோ தாண்டியோ பின்னங்குளம்பு விழுந்தா நடை நல்லா நீண்டிருக்குன்னு அர்த்தம். போலியோல முழங்காலுக்குக் கீழ செயலிழந்த லிஸ் ஹார்ட்டல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல குதிரையேற்றத்துல வெள்ளி வாங்கினாங்க. நீங்க வாசல்லயே தடுக்கறீங்க.

இடுப்பெலும்பு: அவங்க போலியோவுக்கு முன்னாடியே தேர்ந்த சவாரிக்காரங்க. அதை இதோட சேர்க்காதீங்க. தடச் சோதனை சரி, ஒத்துக்கறேன். ஆனா முதல்ல பிள்ளைக்கு இடுப்பு எக்ஸ்ரே. இந்த இறுக்கத்துல தொடையெலும்புப் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல நழுவும். அகலமான முதுகுல காலை வலிய விரிச்சு உக்கார வச்சா மோசமாகலாம். அதனால ஒடுங்கின முதுகுக் குதிரை, சேணத்துக்குப் பதிலா தடிச்ச மெத்தை. அடங்காத வலிப்பு இருந்தா ஏத்தவே கூடாது.

கொழிஞ்சாம்பாறை: சாயறான். பெல்ட் போட்டுக் கட்டிடலாமா?

லாயக்காரன்: ஐயோ, கட்டவே கூடாது! குதிரை விழுந்தா பையனும் அடியில மாட்டுவான். கயிறு பிடிக்க ஒருத்தர், ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர். பக்கத்து ஆள் முழங்கையை மடக்கி, முன்கையைப் பிள்ளை தொடை மேல போட்டுட்டு நடக்கணும். அவங்களுக்குக் குதிரை ரொம்ப உயரமா இருந்தா தோள் கடுத்துக் கை நழுவும்.

இடுப்பெலும்பு: இதுல சண்டையில்லை. அவசரத்துல இறக்கற பழக்கத்தையும் சொல்லுங்க: "இறக்கு"ன்னதும் ஒருத்தர் அக்குளைப் பிடிச்சு இழுக்க, எதிராள் காலைத் தாண்டி விடணும். காலி மெத்தையில பத்துத் தடவை பழகிட்டுத்தான் பிள்ளை.

லாயக்காரன்: மூணு ஆள் கூலி யாரு தருவாங்க? பழகின குதிரைக்கு ரெண்டு பேர் போதும்.

இடுப்பெலும்பு: மூணாவது ஆள் வராத அன்னைக்குச் சவாரி இல்லைங்க.