தமிழ் எழுத்துரு ஏறியதும் பக்கம் குதிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு பலகாரக் கடையின் தளம், வேர்ட்பிரஸ். போன மாதம் எழுத்துருவை முக்தா மலருக்கு மாற்றியதிலிருந்து சிக்கல்.

தோட்டப்புறத்தில் லைன் மெதுவாக இருந்தால் முதலில் ஆண்ட்ராய்டின் சொந்தத் தமிழ் எழுத்து தெரிகிறது. முக்தா மலர் ஏறியதும் வரிகள் வேறு இடத்தில் மடிகின்றன, ஆர்டர் பொத்தான் நழுவுகிறது. முறுக்கை அழுத்தப் போனால் அதிரசம் திறக்கிறது. வயதானவர்கள் அதோடு மூடிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். கைப்பேசியில் சிஎல்எஸ் (பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதற்கான கூகுள் அளவு) 0.28, 0.1-ஐத் தாண்டக்கூடாது. வீட்டு வைஃபையில் இது தெரியவே தெரியாது.

படங்களுக்கு அகலம், உயரம் கொடுத்தாயிற்று. ஸ்லைடர் போயாச்சு. எழுத்துருவை வோஃப்2 (சுருக்கிய வலை எழுத்துருக் கோப்பு) ஆக்கி, தமிழ் எழுத்துகளை மட்டும் வைத்து, பிரீலோடும் (முன்கூட்டியே ஏற்றுவது) செய்தாயிற்று. எழுத்துரு வரும்வரை என்ன காட்டுவது என்று சொல்லும் ஃபான்ட்-டிஸ்ப்ளேயை ஆப்ஷனல் ஆக்கினால் குதிப்பு நிற்கிறது. ஆனால் மெதுவான லைனில் முதல் வருகைக்குப் புது எழுத்துருவே வராது, கடைக்காரருக்கு அது வேண்டாம். முதலில் தெரியும் எழுத்தின் அளவைச் சதவீதத்தில் மாற்றும் சைஸ்-அட்ஜஸ்டும் பார்த்தாயிற்று. 'ணை', 'கௌ' போன்ற அகல எழுத்துகள் நிறைந்த தலைப்புகளுக்குச் சரியாக வரும் சதவீதம் விலைப்பட்டியலில் பொருந்தவில்லை.

ஆண்ட்ராய்டின் நோட்டோ சான்ஸ் தமிழை முக்தா மலரின் அளவுக்குக் கொண்டுவர, சைஸ்-அட்ஜஸ்ட், அசென்ட்-ஓவர்ரைடு (வரியின் மேல்பகுதி உயரத்தை மாற்றுவது) இரண்டுக்கும் நீங்கள் வைத்துச் சரியாக வந்த அளவுகள் என்ன?