உப்பளத்துக்குக் கொண்டுபோனால் சிப் கண்ணீரை இழுக்கவில்லை, உதவுங்கள்

சில்லுக்காரன்:
வாலிநோக்கம் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் கண் உலர்வு பற்றி ஆய்வு செய்கிறேன். கீழிமை ஓரத்தில் தேங்கும் கண்ணீரைக் கண்ணாடிக் கேப்பிலரியால் எடுத்து, 2 மைக்ரோலிட்டரை பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சிப்பில் உள்ள மெல்லிய வாய்க்காலின் வாயில் விடுகிறேன். பம்ப் கிடையாது, தானாக இழுத்துக்கொள்ள வேண்டும். மதுரை லேபில் விட்டதும் ஓடிவிடுகிறது. இங்கே பாதி வழியில் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு வளையம் கட்டுகிறது. மறுமுனைக்கு வந்ததை அளந்தால் லைசோசைமும் (கண்ணீரில் உள்ள கிருமிகொல்லிப் புரதம்) குறைவு. வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்பவர்களுக்குக் கண்ணீரே கெட்டியாகிவிடுகிறதா? கைடு அப்படித்தான் சொல்கிறார்.

பாம்பன்வாசி:
கண்ணீர் மேல் பழி போடுவதற்கு முன்னால், சாப்பாட்டுக் கலர் கலந்த பிபிஎஸ் (உப்புத் தாங்கல்) கரைசலை அதே இடத்தில் வைத்து விட்டுப் பாருங்கள் தம்பி. அதுவும் பாதியில் நின்றால் கோளாறு சிப்பில்தான். சிப்பின் பரப்பு நீரை இழுக்கும்படி பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) கொடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது?

சில்லுக்காரன்:
முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தது. டப்பா கார் டிக்கியில் வந்தது. கலர் தண்ணீரும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டது அண்ணே.

பாம்பன்வாசி:
அப்படியானால் டிக்கி சூடுதான். பிடிஎம்எஸ் இயல்பிலேயே தண்ணீரை ஒட்டவிடாது. பிளாஸ்மா மேல்பரப்பை மட்டும் மாற்றிவிடுகிறது. உள்ளே இருக்கும் சிறு மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல மேலே வந்ததும் பழைய குணம் திரும்பிவிடும், சூட்டில் இன்னும் சீக்கிரம். வாய்க்காலில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, சிப்பை டப்பாவில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைத்துக் கொண்டுபோங்கள். கண்ணீர் விடும் முன் ஊதிக் காயவைத்தால் போதும். உப்பு வளையம் வெறும் ஆவியாதல். நின்ற துளியைக் காற்று குடித்துவிடுகிறது, வாயை மூடி வையுங்கள்.

லேப்அக்கா:
ஓட்டம் சரியானாலும் லைசோசைம் குறையலாம் தம்பி. பிளாஸ்மா கொடுத்த பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. லைசோசைமின் பிஐ (மின்னூட்டம் சமனாகும் பிஎச்) கிட்டத்தட்ட 11, அதைவிடக் குறைவான கண்ணீரின் பிஎச்-ல் அது நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு தெரிந்த லைசோசைமை ஓடவிட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று பாருங்கள். கோழிமுட்டை லைசோசைம் மலிவாகக் கிடைக்கும், இந்தச் சோதனைக்கு அது போதும். மொத்தப் புரதமும் அளக்கிறீர்கள் என்றால் ஒட்டாமலிருக்கச் சுவரை பிஎஸ்ஏ போட்டு அடைக்காதீர்கள், அதுவே புரதம்! பிவிஏ (நீரில் கரையும் பாலிமர்) பூச்சு முயலுங்கள், ஒட்டுவதும் குறையும், நீர் இழுப்பதும் நீண்ட நாள் நிற்கும்.

இன்னொன்று. பாத்தியில் நிற்பவரிடம் அப்படியே எடுக்காதீர்கள். கண்ணில் மொத்தமே 7 மைக்ரோலிட்டர் சொச்சம்தான் இருக்கும். காற்றில் கண் கலங்கினால் ஐஜிஏ (நோய் எதிர்ப்புப் புரதம்) நீர்த்துப்போகும், லைசோசைமும் லாக்டோஃபெரின் என்ற இன்னொரு கண்ணீர்ப் புரதமும் சுரப்பியிலிருந்து கூடவே வருவதால் அவ்வளவாக மாறாது. கொட்டகை நிழலில் கொஞ்சம் உட்காரவைத்து, கண் அடங்கியதும் எடுங்கள்.

சில்லுக்காரன்:
தண்ணீரில் கொண்டுபோன சிப்பில் கலரும் ஓடியது, கண்ணீரும் ஓடியது. கைடுக்கு வீடியோ அனுப்பிவிட்டேன். ஆனால் அக்கா சொன்ன மாதிரியே, விட்ட லைசோசைமில் பாதிகூட வெளியே வரவில்லை. பிவிஏ பூசுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம்: சிப்பைக் கண்ணாடியோடு ஒட்டிய பிறகு வாய்க்காலுக்குள் ஓடவிட்டுப் பூசலாமா, இல்லை ஒட்டுவதற்கு முன்பே பூச வேண்டுமா?

லேப்அக்கா:
ஒட்டிய பிறகுதான். முதலிலேயே பூசினால் கண்ணாடி பிடிக்காது. ஒட்டின கையோடு, பிளாஸ்மா வேகம் அடங்குவதற்குள் கரைசலை உள்ளே விட்டுவிடுங்கள்.