கொசைன் போட்டும் மேலேயே படுகிறது: மேல்நோக்கிச் சுடுவதில் சந்தேகம்

கேள்வி:
ஃபீல்டு டார்கெட் (துளைக்குள் பட்டால் தகடு சாயும் இலக்குப் போட்டி) பயிற்சி. 0.177 பிசிபி (முன்கூட்டியே காற்று அடைத்த) ஏர் ரைபிள், 8.44 கிரெய்ன் பெல்லட், விநாடிக்கு 785 அடி. ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. மேலே. ஜீரோ (க்ளிக் எதுவும் ஏற்றாமலே குறியில் படும் தூரம்) 35 கஜம், ஒரு க்ளிக் 0.1 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சமதரையில் 50 கஜத்துக்கு 12 க்ளிக் ஏற்றினால் நடுவில் படுகிறது. அதே 50 கஜத்தில் மரக்கிளை இலக்கு, 30 பாகை ஏற்றம். 30 பாகையின் கொசைன் 0.87, அதனால் 12 × 0.87, அதாவது 10 க்ளிக் வைத்தேன். 2 செ.மீ. மேலே அடிக்கிறது, 40 மி.மீ. துளையின் மேல் விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது, தகடு சாயவில்லை. டரட் (ஸ்கோப்பில் க்ளிக் வைக்கும் திருகு) நழுவுகிறதா? கீழ்நோக்கிச் சுட்டால் திருப்பிக் கூட்ட வேண்டுமா?

பதில்:
டரட் மேல் பழி போடாதீங்க. கொசைனால் பெருக்க வேண்டியது தூரத்தை, க்ளிக்கை அல்ல. 50 × 0.87 = 43 கஜம். உங்கள் சமதரை அட்டவணையில் 43 கஜத்துக்கு உள்ளதை வையுங்கள். இந்த அளவுகளுக்கு 6 வரும். கீழ்நோக்கியும் இதே கணக்குதான். திருத்தாவிட்டால் இரண்டு பக்கமும் மேலேதான் படும்.

கேட்டவர்:
10 எங்கே, 6 எங்கே! தொலைதூரம் சுடுபவர்கள் க்ளிக்கையே பெருக்குகிறார்களே?

வேறொருவர்:
சாய்வில் குறைவது, குழலின் நேர்கோட்டிலிருந்து பெல்லட் இறங்கும் மொத்த இறக்கம். 50 கஜத்தில் அது ஏறக்குறைய 22 செ.மீ. 30 பாகையில் 19 ஆகிவிடும். அந்த 3 செ.மீ. அப்படியே மேலே தெரியும். உங்கள் 12 க்ளிக்கோ ஜீரோவுக்குப் பிறகு எண்ணியது, ஐந்தரை செ.மீ. மட்டும். அதில் 13 சதவீதம் கழித்தால் முக்கால் செ.மீ.தான் போகும், மிச்சம் 2 செ.மீ. நிற்கும். 100 மீட்டர் ஜீரோவில் 800 மீட்டர் சுடுபவருக்கு இறக்கத்தின் பெரும்பகுதி க்ளிக்கிலேயே இருப்பதால் அந்தக் குறுக்குவழி ஓடிவிடுகிறது. நம் தூரத்தில் ஓடாது.

பாரலாக்ஸ் சக்கரம் (ஸ்கோப்பை இலக்கின் தூரத்துக்குக் குவியப்படுத்துவது) 50-லேயே இருக்கட்டும், காற்றுக்கும் 50 கஜக் கணக்குதான். ஏற்றத்துக்கு மட்டும் 43. கோணத்தை அளக்க ஒரு கோணமானியும் தூக்குக்குண்டும் போதும். 10 பாகைக்கு 0.98, அதை மறந்துவிடலாம். 20-க்கு 0.94, 40-க்கு 0.77, 45-க்கு 0.71. கிளைக்குப் பின்னால் வெறும் வானம் என்றால் சுடவே வேண்டாம், தப்பிய பெல்லட் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

கேட்டவர்:
6 க்ளிக்கில் உயரம் சரி. இப்போது காற்றே இல்லாமல் வலப்பக்கம் 2 செ.மீ. போகிறது. சமதரையில் இது இல்லை.

முதலில் பதில் சொன்னவர்:
ரைபிளை வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். அண்ணாந்து பார்க்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தரைக்கோடு இல்லை, சாய்ந்த கிளையைப் பார்த்துக் கண் ஏமாறும். 5 பாகை சாய்ந்தாலே 50 கஜத்தில் 2 செ.மீ. விலகும். ஸ்கோப் மேல் சின்ன ரசமட்டம் ஒன்று பொருத்துங்கள். பொருத்தும்போது தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு, குறுக்குக்கம்பியின் செங்குத்துக் கோடு அதோடு ஒன்றுகிற நிலையில் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து திருகை முடுக்குங்கள். ரைபிளின் மேல்தளத்தில் வைத்துப் பொருத்தினால், ஸ்கோப் ஏற்கெனவே கோணலாக இருந்தால் அந்தப் பிழை அப்படியே தங்கிவிடும்.